எலும்புப் புற்றுநோயில் செல் பரப்பு அடையாளங்கள்: செல்லைக் காட்டிக்கொடுக்கின்றனவா, கட்டியை வளர்க்கின்றனவா?

பொருநை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை படித்து வருகிறேன். துறைக் கருத்தரங்கில் எலும்புப் புற்றுநோய்களின் செல் பரப்பு அடையாளங்கள், அதாவது செல்லின் மேற்பரப்பில் இருந்து அது எவ்வகைச் செல் என்று காட்டும் மூலக்கூறுகள் பற்றிப் பேச வேண்டியிருப்பதால் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிடி133, சிடி117, ஸ்ட்ரோ-1, சிடி44, சிடி271, சிடி99, ஜிடி2, ஹெர்2 என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஏறத்தாழ ஒவ்வொரு கட்டுரையும், தான் எடுத்துக்கொண்ட மூலக்கூறு கட்டியின் வளர்ச்சியோடு தொடர்புடையது என்ற முடிவில் வந்து நிற்கிறது. அந்தத் தொடர்பு எத்தகையது என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு மூலக்கூறு கட்டியை வளர்க்கிறதா, அல்லது எப்படியும் வளரப்போகும் செல்லின் மேல் அது சும்மா இருக்கிறதா? இவ்விரண்டையும் எந்தச் சோதனையைக் கொண்டு பிரித்தறிகிறார்கள்? துறை சார்ந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

திசுத்தடம் எழுதியது:

நான் நோய்க்கூறியல் மருத்துவர். எங்கள் மேசைக்கு வரும் பயாப்ஸியிலிருந்தே தொடங்குகிறேன். பதின்ம வயதினர் ஒருவரின் தொடை எலும்புத் தண்டிலிருந்தோ இடுப்பெலும்பிலிருந்தோ ஊசி வழியே எடுத்த திசு, மெல்லிய இரண்டு மூன்று துண்டுகளாக ஃபார்மலினில் வந்து சேரும். வழக்கமான சாயமேற்றிப் பார்த்தால், சிறிய, உருண்டையான, நீலநிறச் செல்கள் இடைவெளியின்றி நெருக்கியடித்து நிற்கும். ஈவிங் சார்கோமா, லிம்போமா, நியூரோபிளாஸ்டோமா, ராப்டோமயோசார்கோமா ஆகிய நான்குமே இந்தத் தோற்றத்தில் வரக்கூடும். சிகிச்சையோ நான்கிற்கும் வெவ்வேறு.

இந்த இடத்தில்தான் சிடி99 எங்களுக்குக் கைகொடுக்கிறது. அந்தப் புரதத்தோடு மட்டும் பிணையும் ஆன்டிபாடியை இட்டு நிறமேற்றினால், ஈவிங் சார்கோமாவில் பெரும்பாலும் ஒரு செல் விடாமல் எல்லாச் செல்களின் விளிம்பையும் பழுப்புக் கோடு முழுச்சுற்றாகச் சூழ்ந்திருக்கும். ஆனால் அதைக் கண்ட மாத்திரத்தில் நாங்கள் அறிக்கை எழுதிவிடுவதில்லை, ஏனென்றால் லிம்போபிளாஸ்டிக் லிம்போமாவும் இதே பழுப்புக் கோட்டைக் காட்டும். சைனோவியல் சார்கோமாவிலும் சிடி99 தென்படுவதுண்டு. ஆகையால் டிடிடி போன்ற லிம்போமா சார்ந்த சோதனைகளையும், செல்லின் உட்கருவில் தெரியும் என்கேஎக்ஸ்2.2 என்ற சோதனையையும் சேர்த்தே செய்கிறோம். 11ஆவது, 22ஆவது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் ஈடபிள்யூஎஸ்ஆர்1, எஃப்எல்ஐ1 என்ற இரு மரபணுக்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்றும் பார்க்கிறோம். ஈவிங் சார்கோமாக்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டில் இந்த இணைப்பு காணப்படுகிறது. நோயின் வேர் அந்த இணைந்த மரபணுதான். சிடி99 அந்த வேரிலிருந்து கிளம்பிய செல்லைக் கண்டுபிடிக்க உதவும் சான்று. என் அன்றாடப் பணியைப் பொறுத்தவரை, அடையாளம் என்பது செல் இன்னது என்று சொல்வதற்கே. அது செல்லுக்கு என்ன செய்கிறது என்பதைச் சாயம் சொல்லாது.

நுண்கூறு எழுதியது:

திசுத்தடம் ஐயா சொன்னதை ஏற்றுக்கொண்டே, அதே சிடி99ஐ ஆய்வகத்தின் பக்கத்திலிருந்து காட்ட விரும்புகிறேன். பொருநை கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எலும்புப் புற்றுநோயில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இத்தாலியின் பொலோனா நகரில் உள்ள ரிட்சோலி எலும்பியல் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் ஈவிங் சார்கோமா செல்களில் சிடி99 உருவாவதைத் தடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில், புரதத்தை இழந்த செல்களின் வளர்ச்சி குறைந்தது; எலிகளில் கட்டி உண்டாக்கும் திறனும் பரவும் திறனும் குறைந்தன; அதோடு நில்லாமல், அந்தச் செல்கள் நரம்புச் செல்களைப் போல நீண்ட இழைகளை நீட்டி முதிர்ச்சியை நோக்கி நகரத் தொடங்கின. ஆக, ஈவிங் சார்கோமாவில் சிடி99 செல்லின் மேல் சும்மா இருக்கவில்லை. செல்லை முதிரவிடாமல் தடுத்து, கட்டி தொடர்ந்து வளர அது துணைநிற்கிறது.

இப்போது மற்றோர் எலும்புப் புற்றுநோயான ஆஸ்டியோசார்கோமாவுக்கு வருவோம். அதே ஆய்வுக் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு நேரெதிரான முடிவைத் தந்தது. ஆஸ்டியோசார்கோமா செல்களில் சிடி99 பொதுவாகக் குறைவாகவே இருக்கிறது. அதை வலிந்து கூடுதலாக உண்டாக்கியபோது செல்களின் நகர்வும், பிடிமானமின்றி வளரும் திறனும், எலிகளில் நுரையீரலுக்குப் பரவும் திறனும் குறைந்தன. செல்லுக்குள் வளர்ச்சியையும் நகர்வையும் தூண்டும் சி-எஸ்ஆர்சி என்ற நொதியின் செயலை சிடி99 அடக்குவதே இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

இரண்டுமே எலும்பில் தோன்றும் புற்றுநோய்கள். இரண்டுமே பெரும்பாலும் பதின்ம வயதினரைத் தாக்குபவை. பரப்பில் இருக்கும் புரதமும் ஒன்றே. ஓரிடத்தில் அதை நீக்கினால் கட்டி தளர்கிறது. மற்றோரிடத்தில் அதைச் சேர்த்தால் கட்டி தளர்கிறது. "சிடி99 கட்டியை வளர்க்குமா" என்ற கேள்விக்கு, எந்தச் செல்லில் என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது. ஒரு பரப்புப் புரதம் உள்ளே எந்தெந்தப் புரதங்களோடு பேசுகிறது என்பதுதான் அதன் விளைவைத் தீர்மானிக்கிறது, அந்தக் கூட்டாளிகளோ செல்லுக்குச் செல் மாறுகிறார்கள். சிடி என்று தொடங்கும் எண்கள் எல்லாம் 1982இல் பாரிஸில் நடந்த முதல் பன்னாட்டுக் கூட்டாய்விலிருந்து வெள்ளையணு ஆன்டிபாடிகளை ஒழுங்குபடுத்த வைக்கப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கும் புரதத்தின் வேலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கீழ்வானம் எழுதியது:

நான் மருத்துவத் துறையைச் சார்ந்தவன் அல்லன். என் மகனுக்கு ஈவிங் சார்கோமா என்று சென்ற மாதம் கண்டறிந்தார்கள், கீமோதெரபி தொடங்கிவிட்டது. அவனுடைய பயாப்ஸி அறிக்கையில் "சிடி99 பாசிட்டிவ், வலுவாக, பரவலாக" என்று இருக்கிறது. உறவினர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, வலுவாக என்றிருப்பதால் நோய் மிகத் தீவிரமானது என்று சொல்லிவிட்டார். என் மனைவி அன்றிலிருந்து சரியாக உறங்குவதில்லை. மேலே நீங்கள் எழுதியதைப் படித்ததும், அந்தப் புரதம்தான் கட்டியை வளர்க்கிறதென்றால் அதைக் குறைக்க மருந்து இருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. தவறான இடத்தில் கேட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திசுத்தடம் எழுதியது:

கீழ்வானம் அவர்களே, சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் பற்றி முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: "வலுவாக, பரவலாக" என்பது சாயம் எவ்வளவு அழுத்தமாகவும் எத்தனை செல்களிலும் ஏறியது என்பதைக் குறிக்கும் சொல். நோயின் தீவிரத்தைக் குறிப்பதற்கு நாங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. ஈவிங் சார்கோமாவில் ஏறத்தாழ எல்லா நோயாளிகளுக்கும் அறிக்கை அப்படித்தான் இருக்கும். அப்படி இல்லாவிட்டால்தான் நோயறிதலையே மறுபடி சரிபார்ப்போம்.

நோயின் போக்கை மதிப்பிட மருத்துவர்கள் பார்ப்பவை வேறு. கண்டறியும்போதே நுரையீரலுக்கோ மற்ற எலும்புகளுக்கோ மஜ்ஜைக்கோ பரவியிருக்கிறதா, கட்டி கை கால்களில் இருக்கிறதா இடுப்பெலும்பில் இருக்கிறதா, அதன் பருமன் என்ன, கீமோதெரபிக்குக் கட்டி எப்படி இணங்குகிறது என்பவையே முதன்மையானவை. அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது இவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சிடி99ஐக் குறைக்கும் மருந்து என்று நோயாளிகளுக்கு வழங்கப்படும் நிலையில் எதுவும் இல்லை. அதற்காக இப்போதைய சிகிச்சை குறைபட்டது என்று எண்ண வேண்டாம். வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு ஒரு சுற்றும், ஐபாஸ்பமைடு, எட்டோபோசைடு மறு சுற்றுமாக மாற்றி மாற்றித் தரப்படும் முறை, பரவாத ஈவிங் சார்கோமாவில் பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இழை நெறியாளர் எழுதியது:

கீழ்வானம் அவர்களுக்கு எங்கள் எல்லோருடைய அன்பும். அறிக்கையின் நகலையோ மகனின் பெயரையோ பொதுவெளியில் பதிவிட வேண்டாம். சிகிச்சையை மாற்றுவது பற்றிய முடிவு எதுவானாலும் உங்கள் மருத்துவரோடு பேசியே எடுங்கள்.

பொருநை எழுதியது:

சிடி99 எடுத்துக்காட்டு எனக்குப் பெரிதும் உதவியது. இன்னொரு ஐயம். சிடி133, சிடி117, ஸ்ட்ரோ-1 ஆகியவற்றைப் "புற்றுநோய்த் தண்டுச் செல்" (கட்டியைத் தொடங்கி வளர்க்கும் திறனுள்ள செல்) அடையாளங்கள் என்று எழுதுகிறார்கள். அந்த அடையாளம் உள்ள செல்களைப் பிரித்தெடுத்து எலிக்குள் செலுத்தினால் கட்டி வருகிறது, இல்லாத செல்களைச் செலுத்தினால் வருவதில்லை என்பதே சான்றாகக் காட்டப்படுகிறது. இது வளர்ச்சிக்கான நேரடிச் சான்று ஆகாதா?

நுண்கூறு எழுதியது:

அது ஒரு முக்கியமான சான்று. ஆனால் எதற்கான சான்று என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2005இல் புளோரிடா ஆய்வாளர்கள் எலும்புச் சார்கோமா செல்கள் பிடிமானமற்ற ஊடகத்தில் உருண்டைகளாகத் திரண்டு வளர்வதைக் காட்டி, அவற்றுள் தண்டுச் செல் இயல்புள்ள சிறு பகுதி ஒன்று இருப்பதாக முன்வைத்தார்கள். 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு, சிடி117, ஸ்ட்ரோ-1 இரண்டும் சேர்ந்திருக்கும் ஆஸ்டியோசார்கோமா செல்கள் எலிகளில் எளிதாகக் கட்டியை உண்டாக்குவதையும், கூடுதலாகப் பரவுவதையும், டாக்ஸோரூபிசினைத் தாங்கி நிற்பதையும் காட்டியது. இவை நல்ல ஆய்வுகள். எனினும் இவை நிறுவுவது, அந்த அடையாளம் உள்ள கூட்டத்தில் கட்டி தொடங்கும் திறனுள்ள செல்கள் மிகுதி என்பதை மட்டுமே. சிடி117 என்ற ஏற்பிதான் அந்தத் திறனைத் தருகிறது என்று நிறுவ வேண்டுமானால், அந்தச் செல்களிலிருந்து அதை மட்டும் நீக்கிப் பார்க்க வேண்டும். பிரித்தெடுப்பதும் நீக்கிப் பார்ப்பதும் வெவ்வேறு சோதனைகள். கட்டுரைகளின் முடிவுரைகளில் இவை அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

அடுத்து, எலியையும் கணக்கில் கொள்ளுங்கள். 2008இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் செய்யப்பட்ட புகழ்பெற்ற சோதனை ஒன்று, நோயெதிர்ப்பு மேலும் குன்றிய எலிகளைப் பயன்படுத்தியபோது, நோயாளிகளிடமிருந்து எடுத்த செல்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று தனித்தே கட்டியை உண்டாக்குவதைக் காட்டியது. அதற்கு முன்பு மிகமிக அரிது என்று கருதப்பட்ட திறன் அது. அந்தச் சோதனை எலும்புப் புற்றுநோயில் செய்யப்பட்டதன்று. ஆனால் "அடையாளம் இல்லாத செல் கட்டியை உண்டாக்காது" என்ற கூற்று எந்த எலியில் சோதித்தோம் என்பதைப் பொறுத்தும் மாறலாம் என்ற எச்சரிக்கை எல்லோருக்கும் பொருந்தும்.

கடைசியாக, செய்முறை சார்ந்த ஒன்று. தட்டில் ஒட்டியிருக்கும் செல்களைப் பெயர்த்தெடுக்க டிரிப்சின் இடுகிறோம். கட்டித் திசுவைக் கலைக்கக் கொலாஜினேஸ் இடுகிறோம். டிரிப்சின் புரதத்தை வெட்டும் நொதி. செல்லின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியையும் அது வெட்டிவிடும். ஐந்து நிமிடம் வைக்க வேண்டியதைப் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டால், அடையாளம் இருந்த செல்லும் இல்லாத செல்லாகவே, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பதிவாகும். ஒரே செல் வரிசையில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்களில்) சிடி133 விழுக்காடு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

திசுத்தடம் எழுதியது:

எங்கள் பக்கத்திலும் இதற்கு இணையான ஒரு சிக்கல் உண்டு. ஆஸ்டியோசார்கோமா செல்களே எலும்பை உருவாக்குபவை என்பதால், கால்சியத்தை நீக்காமல் அந்தத் திசுவை மெல்லியதாகச் சீவ இயலாது. வலுவான அமிலத்தில் விரைவாக நீக்கினால் டிஎன்ஏ சிதைகிறது, சில ஆன்டிஜன்களும் சாயமேறாமல் போகின்றன. ஈடிடிஏ கரைசலில் நாட்கணக்காகும். ஆனால் டிஎன்ஏவும் ஆன்டிஜன்களும் பெரும்பாலும் காப்பாற்றப்படுகின்றன. ஆகவே ஆஸ்டியோசார்கோமாவில் ஏதோ ஒரு பரப்புப் புரதம் "இத்தனை விழுக்காடு நோயாளிகளிடம் இல்லை" என்று படிக்கும்போது, கால்சியம் எப்படி நீக்கப்பட்டது என்பதைச் செய்முறைப் பகுதியில் தேடிப் பார்ப்பது நல்லது.

வடகரை எழுதியது:

நான் எலும்புக் கட்டிகளுக்கு அறுவை சிகிச்சை செய்பவன். இதுவரை நடந்த உரையாடலில் ஒரு கருத்தோடு நான் மாறுபடுகிறேன். அடையாளம் கட்டியை வளர்த்தால்தான் அது பயனுள்ளது என்ற தொனி நுண்கூறு அவர்களின் எழுத்தில் இருக்கிறது. சிகிச்சைக்கு அது தேவையே இல்லை. லிம்போமாவில் சிடி20ஐக் குறிவைக்கும் ரிட்டக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து 1997இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நியூரோபிளாஸ்டோமாவில் ஜிடி2ஐக் குறிவைக்கும் டினுடக்சிமாப் 2015இல் ஒப்புதல் பெற்றது. இவற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவைதாம் கட்டியை வளர்க்கின்றன என்பதன்று. அவை கட்டிச் செல்லின் மேல் அடர்த்தியாக இருந்தன, உயிர்காக்கும் உறுப்புகளில் இல்லை அல்லது குறைவு, அவ்வளவே. ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டால் மீதி வேலையை நோயெதிர்ப்பு மண்டலம் பார்த்துக்கொள்கிறது. ஜிடி2 புற நரம்புகளிலும் இருப்பதால் அந்த மருந்து செலுத்தும்போது குழந்தைகளுக்குக் கடும் வலி வருகிறது. இருந்தும் அது உயிர்களைக் காக்கிறது.

1980களிலிருந்து ஆஸ்டியோசார்கோமாவுக்கு மெத்தோட்ரெக்சேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்ற அதே மூன்று மருந்துகளைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பரவாத நோயில் மூன்றில் இருவர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். பரவிய நோயில் அந்த அளவு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அடையாளம் வளர்ச்சிக்குக் காரணமா என்று முழுமையாக நிறுவும்வரை காத்திருக்க என் நோயாளிகளுக்கு நேரமில்லை.

நுண்கூறு எழுதியது:

வடகரை ஐயா, குறிவைப்பதற்கு வளர்ச்சிக் காரணியாக இருக்க வேண்டியதில்லை என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் எலும்புப் புற்றுநோயில் அந்த வழியில் கிடைத்த முடிவுகளையும் பார்க்க வேண்டும். ஆஸ்டியோசார்கோமா செல்களில் ஜிடி2 நன்றாகவே இருக்கிறது. ஆயினும் மீண்டும் வந்த நோயில் நுரையீரல் கட்டிகளை அகற்றிய பிறகு டினுடக்சிமாப் கொடுத்த அமெரிக்கச் சோதனை, நிர்ணயித்த இலக்கை எட்டவில்லை. பரவிய ஆஸ்டியோசார்கோமாவில் கீமோதெரபியோடு ஹெர்2க்கு எதிரான டிரஸ்டுசுமாப் சேர்த்த சோதனையிலும் தெளிவான பயன் தெரியவில்லை. மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பதால் செல்லின் மேல் அது அடர்த்தியாக இருக்கிறது, வளர்ச்சியும் அதை நம்பியிருக்கிறது; ஆஸ்டியோசார்கோமாவில் பொதுவாக அந்தப் பெருக்கம் இல்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஹெர்2ஐக் குறிவைக்கும் கார்-டி செல்கள் (கட்டியைத் தாக்குமாறு மாற்றியமைத்த நோயெதிர்ப்புச் செல்கள்) 19 நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டன. அவர்களில் 16 பேர் ஆஸ்டியோசார்கோமா நோயாளிகள். சிகிச்சை பாதுகாப்பாக இருந்தது, சிலரிடம் நோய் சிறிது காலம் வளராமல் நின்றது. அதற்கு மேல் பெரிய பலன் கிட்டவில்லை.

காரணியா இல்லையா என்ற கேள்வி சிகிச்சையில் திரும்பி வருவது இங்கேதான். செல் தன் வளர்ச்சிக்கு நம்பியிராத அடையாளத்தை எளிதில் கைவிட்டுவிடலாம். ரத்தப் புற்றுநோயில் சிடி19 கார்-டி சிகிச்சைக்குப் பின் சிடி19 இல்லாத செல்கள் மீண்டெழுவதை எல்லோரும் அறிவோம். நம்பியிருக்கும் அடையாளமாயின், அதைக் கைவிடும் செல் வளர்ச்சியையும் இழக்கும். ஈவிங் சார்கோமாவில் சிடி99ஐ இந்தக் கண்ணோட்டத்தில்தான் மதிக்கிறேன்.

வடகரை எழுதியது:

அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியைப் பற்றும் ஏற்பி ஈவிங் சார்கோமா செல்லின் வளர்ச்சிக்கு வேண்டியது என்று ஆய்வகச் சான்றுகள் அடுக்கடுக்காக இருந்தன. அந்த ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடிகள் மீண்டும் வந்த நோயில் பத்தில் ஒருவர் அளவுக்கு வியக்கத்தக்க பலன் தந்தன. பிறகு பரவிய நோயில் கனிடுமாப் என்ற ஆன்டிபாடியைக் கீமோதெரபியோடு சேர்த்து நடத்திய மூன்றாம் கட்டச் சோதனையில் பயன் தெரியவில்லை. அங்கே ஏற்பி காரணிதான். ஆனால் அது அடைபட்டதும் செல் வேறு வழியில் வளர்ச்சித் தூண்டலைப் பெற்றுக்கொண்டது.

என் கைகளாலேயே உணர்ந்த மற்றொன்றையும் சொல்கிறேன். எலும்பின் ராட்சத செல் கட்டி பெரும்பாலும் புற்றுநோயன்று. இருந்தாலும் முழங்கால் மூட்டையே அரித்துவிடும் வல்லமை உடையது. அங்கே உண்மையான கட்டிச் செல்கள் பலரும் நினைப்பதுபோல் பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்கள் அல்ல. அவற்றுக்கு இடையே இருக்கும் சாதாரணத் தோற்றமுடைய ஸ்ட்ரோமல் செல்கள்தாம். அவை தம் மேற்பரப்பில் ரேங்க்-எல் என்ற புரதத்தைத் தாங்கி நிற்கின்றன. ராட்சத செல்களின் முன்னோடிகள் ரேங்க் என்ற ஏற்பியால் அதைப் பற்றிக்கொண்டு, ஒன்றோடொன்று இணைந்து எலும்பைக் கரைக்கின்றன. ரேங்க்-எல்லைத் தடுக்கும் டெனோசுமாப் 2013இல் இந்தக் கட்டிக்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

மருந்துக்கு முன் திறந்தால், செம்பழுப்பு நிறத்தில், மென்மையாக, தொட்டால் ரத்தம் கசியும் திசு கிடைக்கும். கியூரெட்டால் சுரண்டும்போது எது கட்டி, எது நல்ல எலும்பு என்று கைக்கே தெரியும். சில மாதங்கள் டெனோசுமாப் எடுத்துக்கொண்டவரைத் திறந்தால் ராட்சத செல்கள் மறைந்திருக்கும், சுற்றிலும் புதிய எலும்பு ஓடு கெட்டியாக உருவாகியிருக்கும். பார்ப்பதற்கு வெற்றிதான். ஆனால் ஸ்ட்ரோமல் செல்கள் சாகவில்லை. அவை அந்தப் புதிய எலும்புக்குள் மறைந்திருக்கின்றன, எல்லை எங்கே என்று கியூரெட்டுக்குப் புலப்படுவதில்லை. மருந்துக்குப் பின் சுரண்டி மட்டும் எடுத்தவர்களிடம் கட்டி அதே இடத்தில் மீண்டும் வருவது கூடுதலாக இருப்பதைப் பல மருத்துவமனைகளின் தொடர் பதிவுகள் காட்டியுள்ளன. ஆகையால், சுரண்டி எடுக்கக்கூடிய கட்டியில் அந்த மருந்தை முன்கூட்டிக் கொடுக்க நான் தயங்குகிறேன். எலும்பு அழிவை நடத்தும் பரப்புப் புரதமும், கட்டிச் செல்லின் உயிர்வாழ்வுக்கு வேண்டிய புரதமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்பதை இந்தக் கட்டியில்தான் கற்றுக்கொண்டேன்.

கீழ்வானம் எழுதியது:

திசுத்தடம் ஐயா எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் குறிப்பிட்ட கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருக்கிறோம். மகனுக்கு நுரையீரலிலோ மஜ்ஜையிலோ பரவல் இல்லை என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதன் பொருள் இப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நன்றி.

பொருநை எழுதியது:

கீழ்வானம் அண்ணா, உங்கள் மகன் விரைவில் நலம்பெற வேண்டும்.

நுண்கூறு அவர்களிடம் கடைசியாக ஒரு கேள்வி. ஆஸ்டியோசார்கோமாவில் ஏதோ ஒரு பரப்புப் புரதம் கட்டியை வளர்க்கிறது என்று உங்களை ஏற்கச் செய்ய வேண்டுமானால், குறைந்தபட்சம் எந்தெந்தச் சோதனைகள் இருக்க வேண்டும்?

நுண்கூறு எழுதியது:

முதலில், அந்தப் புரதத்தின் மரபணுவைச் செல்லிலிருந்து நீக்கி வளர்ச்சி குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, அதே செல்லில் அந்த மரபணுவைத் திரும்ப வைத்து வளர்ச்சி மீள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திரும்ப வைத்துப் பார்க்காத ஆய்வை நான் பாதி ஆய்வாகவே கொள்வேன், ஏனென்றால் நீக்கும்போது தற்செயலாக வேறெதுவும் சேதமடைந்ததா என்று அறிய அது மிக வலுவான வழி. ஒரே செல் வரிசையோடு நிற்கவும் கூடாது. பெரும்பாலோர் பயன்படுத்தும் யு-2 ஓஎஸ், சாவோஸ்-2 இரண்டையுமே எடுத்துக்கொள்ளுங்கள்: முன்னது 1964இல் 15 வயதுச் சிறுமியின் கால் எலும்புக் கட்டியிலிருந்தும், பின்னது 1973இல் 11 வயதுச் சிறுமியின் கட்டியிலிருந்தும் பெறப்பட்டவை. யு-2 ஓஎஸ் செல்களில், கட்டி வளர்வதைத் தடுக்கும் பி53 மரபணு பழுதின்றி இருக்கிறது. சாவோஸ்-2 செல்களில் அது அறவே இல்லை. ஒன்றில் கிடைத்த முடிவு மற்றொன்றில் கிடைக்காமல் போவதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

எலியில் சோதிக்கும்போது தோலுக்கடியில் செலுத்தியதோடு விட்டுவிடாமல், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புக்குள்ளேயே செலுத்திப் பார்க்க வேண்டும். எலும்புக்குள் வளரும் கட்டி, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டுகிறது. எலும்பு கரையும்போது அதனுள் சேமிக்கப்பட்டிருந்த டிஜிஎஃப்-பீட்டா, ஐஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் வெளிப்பட்டுக் கட்டிக்கே திரும்பக் கிடைக்கின்றன. தோலுக்கடியில் இந்தச் சுழற்சி இல்லை. அதோடு, கட்டியின் பருமனை மட்டும் அளக்காமல் நுரையீரலையும் சீவிப் பார்த்துப் பரவலை எண்ண வேண்டும், ஏனெனில் ஆஸ்டியோசார்கோமாவில் நோயாளிகளின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அதுதான். உங்கள் கருத்தரங்குக்காகச் சேர்த்த கட்டுரைகளின் செய்முறைப் பகுதிகளில் இவற்றைத் தேடிப் பாருங்கள். ஐயம் எழுந்தால் இங்கேயே கேளுங்கள்.